செய்யாத செயலுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தன்பால் ஈர்ப்பும் பாவமன்னிப்பும்

கடுகுவிதை:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், தமக்கு ஆண்கள்மேல் மட்டுமே ஈர்ப்பு உண்டாகிறது என்று அண்மையில் என்னிடம் மனந்திறந்து சொன்னார். அவர் யாரோடும் உடலுறவு கொண்டதில்லை. இந்த ஈர்ப்பு நீங்க வேண்டும் என்று நீண்ட காலமாக உபவாசித்து ஜெபித்து வருகிறார். "ஒவ்வொரு முறையும் திருவிருந்துக்கு முன் இதை அறிக்கையிடுகிறேன், மறுமுறையும் மாறாதவனாகத்தான் வந்து நிற்கிறேன், அப்படியானால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை என்றுதானே பொருள்?" என்று அவர் கேட்டபோது, ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஓரினச்சேர்க்கை பாவமா என்ற விவாதத்தைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் என் கேள்வி அதைவிடக் குறுகியது. மன்னிப்பு எதற்காக அருளப்படுகிறது? செய்த செயலுக்கா, மனதில் எழுந்த எண்ணத்துக்கா, அல்லது ஒருவர் இருக்கிற நிலைக்கா? வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் போதனை என்னவென்று பொறுமையாக விளக்கினால், அந்தத் தம்பிக்கு உண்மையான பதிலைக் கொண்டுபோக முடியும்.

உப்பும் ஒளியும்:

சகோதரரே, நான் வேதாகமத்தை எப்படி வாசிக்கிறேன் என்பதை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லேவியராகமம் 18:22, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9-10, 1 தீமோத்தேயு 1:10 ஆகிய பகுதிகள் ஒரே பாலினத்தவரிடையேயான உடலுறவைத் தேவசித்தத்துக்கு விரோதமானதாகவே காட்டுகின்றன. மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் விவாகரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும்போது, ஆணும் பெண்ணுமாகப் படைத்த ஆதி ஏற்பாட்டுக்கே ஆண்டவர் திரும்பிப்போகிறார். இந்த வாசிப்பை நான் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் அதே வாசிப்பு என்னை இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோகிறது. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட அந்தப் பட்டியலில் பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர், கொள்ளைக்காரர் ஆகியோரும் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வசனம், "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்" என்று தொடங்கி, கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள், நீதிமான்களாக்கப்பட்டீர்கள் என்று முடிகிறது. பட்டியலை உரக்க வாசித்துவிட்டு அந்த "ஆயினும்" வருகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளும் பிரசங்கத்தைச் சுவிசேஷம் என்று நான் ஏற்பதில்லை. மன்னிக்கப்படாது என்று ஆண்டவர் சொன்னது மாற்கு 3ஆம் அதிகாரத்தில் வரும் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை மட்டுமே. ஓரினச்சேர்க்கையை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்க எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சோதனை வேறு, பாவம் வேறு. எபிரெயர் 4:15 கர்த்தரை எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது. யாக்கோபு 1:14-15 சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: இச்சை இழுக்கிறது, பின்பு கர்ப்பந்தரிக்கிறது, அதற்குப் பின்பே பாவத்தைப் பிறப்பிக்கிறது. அழைக்காமலே எழுகிற ஈர்ப்பு முதல் படியைச் சேர்ந்தது. அதைத் தாண்டிப் போகாதவர், தாம் செய்யாத ஒன்றுக்காகத் தம்மைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சீர்திருத்த வழி:

மூத்த சகோதரர் சொன்னதில் பெரும்பகுதியோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "முதல் படி பாவமல்ல" என்ற முடிவை எங்கள் மரபு அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. இது சீர்திருத்தக் காலத்திலேயே எழுந்த கருத்து வேறுபாடு. திருமுழுக்குப் பெற்றவரிடம் மீந்திருக்கும் இச்சை பாவத்திலிருந்து வருவது, பாவத்தின் பக்கம் சாய்ப்பது, ஆயினும் அதுவே உண்மையான பொருளில் பாவமல்ல என்று 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தீர்மானித்தது. அந்த இச்சையே பாவத்தின் தன்மையைக் கொண்டது என்று, 1571இல் இறுதி வடிவம் பெற்ற ஆங்கிலிக்கன் விசுவாசப் பிரமாணங்கள் 39இல் ஒன்பதாவது சொல்கிறது. சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் இந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள்.

இதைக் கேட்டவுடன், எங்கள் மரபு அந்தத் தம்பியின்மேல் இன்னும் பெரிய பாரத்தை வைப்பதாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. திருமணமான ஆண் பிற பெண்ணை நோக்கும் பார்வையில் எழும் இச்சை, உடன்பிறந்தவனின் உயர்வைக் கண்டு எழும் பொறாமை, ஜெபிக்கும்போதே தலைதூக்கும் பெருமை ஆகிய எல்லாமே இந்தப் போதனையின்படி அறிக்கையிடப்பட வேண்டியவை. ஆகவே தம்பி திருவிருந்துக்கு முன் அறிக்கையிடும்போது அவர் தனியாக நிற்கவில்லை, சபை முழுவதும் அவரோடு அதே வரிசையில் நிற்கிறது. நீதிமானாக்கப்பட்டவன் இந்த உலகில் இருக்கும்வரை பாவியாகவும் இருக்கிறான் என்று லூத்தர் போதித்தார். இச்சை மறையவில்லை என்பதை மன்னிப்பு அருளப்படவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால், மன்னிக்கப்பட்டவர் என்று பூமியில் ஒருவருமே இருக்க முடியாது.

மாலை ஜெபம்:

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டைச் சொல்ல விரும்புகிறேன். அது வெளியே பெரும்பாலும் பாதியாகவே எடுத்துச் சொல்லப்படுகிறது.

1992இல் வெளியான மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள மூன்று பத்திகள் இதைப் பற்றியவை. ஒரே பாலினத்தவரிடையேயான பாலுறவுச் செயல்கள் இயல்பிலேயே ஒழுங்குக்கு மாறானவை, எந்நிலையிலும் அவற்றை ஏற்க முடியாது என்பது முதல் பத்தி. இத்தகைய ஈர்ப்பு கொண்டோர் மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்தச் சாயலும் அவர்கள்மீது விழக்கூடாது என்பது இரண்டாவது. கற்புநிலைக்கு அவர்கள் அழைக்கப்படுகிறார்கள் என்பது மூன்றாவது. ஈர்ப்பைப் பற்றிய கடினமான சொற்கள் அந்நூலில் இல்லாமல் இல்லை, ஆனால் அதைப் பாவம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

எங்கள் போதனைப்படி, சாவான பாவம் ஆவதற்குக் காரியம் கனமானதாக இருக்க வேண்டும், செய்பவருக்கு முழு அறிவு இருக்க வேண்டும், முழுச் சம்மதமும் இருக்க வேண்டும். சம்மதமே இல்லாமல் எழும் ஓர் ஈர்ப்பு இதற்குள் வராது. ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில், ஒருவர் அறிக்கையிடுவது தாம் விரும்பிச் செய்தவற்றையும், விரும்பி மனதில் வளர்த்தவற்றையும்தான். தம்பி எங்களிடம் வந்திருந்தால், நல்ல குரு ஒருவர் அவரிடம் "மகனே, நீ சொல்வதில் இதுவரை பாவம் எதையும் நான் கேட்கவில்லை" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமலேயே எத்தனை பேர் திருச்சபையை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த வேதனை உண்டாகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளைத் தேடும் நல்மனமுள்ள ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று 2013இல் கேட்டார். தன்பால் ஈர்ப்பு குற்றச்செயல் அல்ல என்று 2023 ஜனவரியில் அளித்த நேர்காணலில் சொன்னார். ஒருவர்மீது ஒருவர் அன்பில்லாதிருப்பதும் பாவமே என்பதை அங்கேயே சேர்த்துச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த வத்திக்கான் அறிவிப்பு, திருமணத்தைப் பற்றிய போதனையை மாற்றாமல், ஒரே பாலின இணையருக்கு வழிபாட்டுச் சடங்காக அல்லாத எளிய ஆசீர் வழங்க அனுமதித்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பெரும்பாலும் அதைத் தங்கள் பகுதிகளில் நடைமுறைப்படுத்த முடியாது என்று அறிவித்தார்கள். எங்களுக்குள்ளும் ஒரே மனம் இல்லை என்பதை மறைப்பதில் பயனில்லை.

திறந்த வாசல்:

மூவரும் கனிவோடு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் உங்கள் மூவருக்கும் பொதுவான ஓர் அடித்தளம் இருக்கிறது. அந்தத் தம்பி நாளை ஒருவரை உண்மையோடு நேசித்து, வாழ்நாள் முழுவதும் அவருக்கு விசுவாசமாக இருக்க உறுதி எடுத்தால், அது மன்னிக்கப்பட வேண்டிய செயல் என்பதை நீங்கள் எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். நான் அதை ஏற்கவில்லை. வேதத்தை ஒதுக்கிவிட்டு இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அதை வாசித்தே இந்த முடிவுக்கு வந்தேன்.

சோதோமில் நடக்கவிருந்தது அந்நியர்மீதான கூட்டு வன்கொடுமை. எசேக்கியேல் 16:49 அந்த நகரத்தின் அக்கிரமத்தைக் கர்வம் என்றும், நிறைவான ஆகாரத்தை வைத்துக்கொண்டு எளியவனின் கையைப் பலப்படுத்தாமை என்றும் விளக்குகிறது. ரோமர் முதல் அதிகாரம் விக்கிரகாராதனையில் தொடங்கி, அடங்காத காமவெறியைச் சித்திரித்து, "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்ற இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் வாசகனின் பக்கமே திரும்புகிறது. சமமான இருவர் உண்மையோடு சேர்ந்து வாழும் வாழ்க்கையைப் பவுல் அங்கே கண்முன் வைத்து எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருச்சபை தன் வாசிப்பை முன்பும் மாற்றியிருக்கிறது. விருத்தசேதனம் இல்லாத புறஜாதியார்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்டபின், அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை, அதுவரை அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட ஒரு கட்டளையை அவர்கள்மேல் சுமத்துவதில்லை என்று தீர்மானித்தது. விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்வதைப் பற்றி ஆண்டவரே நேரடியாகப் பேசியிருக்கிறார். அப்படியிருந்தும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் மனஸ்தாப ஜெபங்களோடு இரண்டாம் திருமணத்தை நடத்துகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையும் விசேஷச் சூழ்நிலைகளில் அதை ஆலயத்தில் நடத்த 2002இல் வழி திறந்தது. மறுமணம் செய்தவருக்கு இடம் கொடுத்த சபைகள் இந்தத் தம்பிக்கு மட்டும் கதவைச் சாத்துவது எந்த நீதி? ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை ஓரினச்சேர்க்கையைக் கண்டித்து 1972இல் தன் சட்டத்தில் சேர்த்த வாசகத்தை 2024 மே மாதத்தில் நீக்கியது. அந்த முடிவுக்கு முந்தைய சில ஆண்டுகளில் அமெரிக்காவிலுள்ள அதன் சபைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிரிந்துபோயின. அத்தனை இழப்புக்குப் பின்னும் அந்த மாற்றத்தைச் செய்தவர்களை வேதத்தைப் பொருட்படுத்தாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

பாவமல்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கும்படி ஒருவரைப் பழக்குவது அவருடைய மனச்சாட்சியையே கெடுத்துவிடும். எது உண்மையில் பாவம் என்று பகுத்தறியும் திறனைக்கூட அவர் இழந்துபோவார்.

உப்பும் ஒளியும்:

சகோதரரே, கடைசிப் பத்தியில் நீங்கள் சொன்ன ஆபத்து உண்மையானது. அதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் ஆபத்து உண்டு: பாவமானதைப் பாவமல்ல என்று சொல்லிவிட்டால், மன்னிப்பின் ஆறுதலையும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

எருசலேம் சபை விருத்தசேதனத்தை நீக்கியபோது, வேசித்தனத்துக்கு விலகியிருக்க வேண்டும் என்பதை நீக்காமல் வைத்தது. பழைய ஏற்பாட்டின் சடங்குகளுக்கும் ஒழுக்கக் கட்டளைகளுக்கும் இடையே அந்தச் சபையே ஒரு கோடு போட்டிருப்பதாக நான் காண்கிறேன். யூதா நிருபத்தின் ஏழாம் வசனம் சோதோமின் பாவத்தில் விபசாரத்தையும் சேர்க்கிறது என்பதால், எசேக்கியேலை மட்டும் வைத்து அந்த நிகழ்ச்சியை வாசித்துவிட முடியாது. மறுமணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் நெஞ்சில் தைக்கிறது. ஒரு கட்டளையைத் தளர்த்திவிட்டு இன்னொன்றைக் கல்லைப்போல் இறுக்கிப் பிடிக்கும் சபைகளுக்கு அது நியாயமான கண்டனம். அதன் முடிவு முதல் கட்டளைக்கு நாம் திரும்ப வேண்டும் என்பதா, இரண்டாவதையும் தளர்த்த வேண்டும் என்பதா என்பதில்தான் உங்களோடு நான் வேறுபடுகிறேன்.

யோர்தான் கரை:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்தத் தம்பி இருக்கும் இடத்தில் இருப்பவன் நான், ஆகவே எழுதுகிறேன். எனக்கும் ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. உப்பும் ஒளியும் ஐயா வாசிப்பதைப் போலவே நானும் வேதத்தை வாசிக்கிறேன், அதனால் திருமணமின்றிக் கற்போடு வாழ முடிவு செய்திருக்கிறேன். திறந்த வாசல் சகோதரரின் வாதங்களை நான் அறியாதவன் அல்ல. அவற்றை நீண்ட காலம் எடைபோட்ட பின்பே இந்த முடிவுக்கு வந்தேன். அவரைப் போன்றவர்கள் என்னை ஒருபோதும் இழிவாகப் பேசியதில்லை என்பதையும் நன்றியோடு சொல்கிறேன்.

தம்பியின் வேதனைக்குக் காரணம் அவருக்கு யாரோ கற்பித்த ஒரு வாக்குறுதி என்று நினைக்கிறேன். உண்மையாக மனந்திரும்பினால் இந்த ஈர்ப்பு மறைந்து பெண்கள்மேல் நாட்டம் வரும் என்ற வாக்குறுதி அது. வேதத்தில் அப்படி ஒரு வாக்குறுதி எனக்குத் தென்படவில்லை. 1976இல் தொடங்கி இதே நம்பிக்கையை உலகெங்கும் பரப்பிய எக்சோடஸ் இண்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 2013இல் தன் பணியை நிறுத்தியது. அதன் தலைவராயிருந்த ஆலன் சேம்பர்ஸ், தங்களால் காயப்பட்டவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தாம் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முன்னரே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், அவற்றால் தீங்கு நேரக்கூடும் என்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2009இல் அறிவித்திருந்தது. இந்த உண்மைகளை அறியாத ஒருவர், தம் ஜெபத்தில்தான் ஏதோ குறையிருக்கிறது என்று முடிவு செய்வது இயல்பே.

பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தது. அந்த முள் எது என்று ஆராய்வதில் எனக்கு அக்கறை இல்லை. நீங்காத ஒன்றோடும் ஒருவர் முழுவதுமாகக் கிருபையில் நிற்க முடியும் என்பதற்கு அப்போஸ்தலரே சாட்சி என்பது எனக்குப் போதுமானது. இதைப் புரிந்துகொண்ட பிறகு என் அறிக்கையும் மாறியது. "இப்படிப்பட்டவனாக இருக்கிறேன், மன்னியும்" என்று ஜெபிப்பதை விட்டுவிட்டேன். இன்று ஒருவரை வெறும் உடலாகப் பார்த்தேன், இன்று என் தனிமையைச் சாக்காக வைத்து ஒருவரிடம் கடிந்துகொண்டேன், இன்று என்னைவிட எளிதான வாழ்க்கை கிடைத்தவர்களை வெறுத்தேன் என்று, உண்மையில் செய்தவற்றின் பெயரைச் சொல்லியே இப்போது அறிக்கையிடுகிறேன். அப்படிச் சொன்ன பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று 1 யோவான் 1:9ஐ நம்பி எழுந்துபோக முடிகிறது. பெயரில்லாத ஒரு குற்றவுணர்வை எத்தனை முறை அறிக்கையிட்டாலும் அந்த நிம்மதி வராது.

சபையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கற்பைப் போதித்த சபை, திருமணத்தைத் தவிர வேறு எந்த உறவையும் மதிக்கத் தெரியாமல் இருந்தது. வீட்டையும் சகோதரரையும் தாயையும் விட்டுவந்தவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் கிடைப்பார்கள் என்று மாற்கு 10:30இல் ஆண்டவர் வாக்களித்தார். அந்த வாக்கு நிறைவேற வேண்டிய இடம் சபைதான். பண்டிகை நாளில் கற்புள்ள விசுவாசியைத் தனியே விட்டுவிட்டு, அவர் தனிமை தாங்காமல் விழுந்தபின் வந்து கண்டிக்கும் சபை, மத்தேயு 23:4இல் சொல்லப்பட்டபடி சுமையைக் கட்டிவைத்துவிட்டு ஒரு விரலாலும் தொடாதவர்களின் பாவத்தைச் செய்கிறது. 1998ஆம் ஆண்டு லம்பேத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் நிறைவேற்றிய தீர்மானம் ஓரினச்சேர்க்கைச் செயலை வேதத்துக்கு ஒவ்வாதது என்றது. இத்தகைய ஈர்ப்புள்ளோரின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்பதாகவும், அவர்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள், கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவங்கள் என்றும் அதே தீர்மானம் உறுதியளித்தது. முதல் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் பலர். இரண்டாம் பாதி தங்களிடம் எதைக் கேட்கிறது என்று யோசித்த சபைகளை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

திறந்த வாசல்:

சகோதரரே, உங்கள் வாழ்க்கைக்கு முன் நான் தலைவணங்குகிறேன். நீங்கள் மனமுவந்து ஏற்றதை எல்லோருக்கும் சட்டமாக்க முடியுமா என்பது மட்டுமே என் கேள்வி. தனித்து வாழ்வதைத் தேவன் அவனவனுக்குத் தரும் வரமாகவே 1 கொரிந்தியர் 7:7இல் பவுல் பேசுகிறார். அந்த வரம் பெறாதவருக்கு அதையே கட்டளையாக்கினால், "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்ற முதல் வார்த்தையை எங்கே வைப்பது?

யோர்தான் கரை:

இந்தக் கேள்வி என்னையும் விட்டுப்போகவில்லை. மணவாழ்வு வாய்க்காத பலருக்கும் அந்த வரம் உணரப்படாமலேயே கற்பு கேட்கப்படுகிறது என்பதே நான் இதுவரை கண்ட பதில். அது உங்களுக்குப் போதாது என்பதும் எனக்குத் தெரியும். தம்பி எந்த முடிவுக்கு வந்தாலும், பயத்தினால் தள்ளப்பட்டு அங்கே போய்ச் சேரக்கூடாது என்பதில் நாம் இருவரும் ஒன்றுபடலாம்.

மாலை ஜெபம்:

"பெயரைச் சொல்லி அறிக்கையிடுவது" என்று சகோதரர் எழுதியதை எங்கள் ஆன்ம வழிகாட்டிகளும் வலியுறுத்துகிறார்கள். ஏற்கெனவே மன்னிக்கப்பட்டதையும், பாவமே அல்லாததையும் திரும்பத் திரும்ப அறிக்கையிடும் நிலையை அவர்கள் மிகை மனச்சாட்சி என்று அழைத்து, அதைக் குணப்படுத்த வேண்டிய ஒரு நோவாகவே கருதுகிறார்கள். அந்தத் தம்பி பொறுமையுள்ள ஒரே வழிகாட்டியிடம் தொடர்ந்து பேசுவது நல்லது. பலரிடம் போய்ப் பல தீர்ப்புகளைச் சேர்த்துக்கொள்வது அவரை இன்னும் வருத்தும்.

கடுகுவிதை:

அனைவருக்கும் நன்றி. தம்பியிடம் முதலில் சொல்லப்போவது, ஈர்ப்பு மாறாதிருப்பதற்கும் மன்னிப்பு மறுக்கப்பட்டதற்கும் தொடர்பில்லை என்பதை. இங்கே எழுதிய ஐந்து பேரும், தங்களுக்குள் எவ்வளவு வேறுபட்டாலும், அதில் ஒருமனமாக இருக்கிறீர்கள். யோர்தான் கரை சகோதரர் எழுதியதை அவருக்கு அப்படியே வாசித்துக்காட்டவும் விரும்புகிறேன்.

நடைமுறையில் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அவர் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறார். விஷயத்தை மூப்பர்களிடம் சொல்லி, தாமே விலகிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார். பெற்றோருக்கு இன்னும் தெரியாது.

உப்பும் ஒளியும்:

விலக வேண்டாம். மத்தேயு 18:15-17இல் சபை ஒழுங்குக்கான படிகள், பாவம் செய்த சகோதரனுக்காகக் கொடுக்கப்பட்டவை. சோதனைக்கு எதிர்த்து நிற்கும் ஒருவர்மேல் அவற்றைப் பயன்படுத்தினால், போராடுகிறவனைத் தண்டித்து மறைக்கிறவனைக் காப்பாற்றும் சபையாகிவிடுவோம். சிறுவர்களுக்கு அவரால் ஆபத்து என்று யாராவது சொன்னால், ஆண்கள்மேலான ஈர்ப்பையும் சிறுவர்மேலான வன்கொடுமையையும் ஒன்றாக்குவது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மூப்பர்களிடம் சொல்வதா, யாரிடம் சொல்வது, எப்போது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பெற்றோரிடம் அவருக்குமுன் நீங்கள் வாய்திறக்க வேண்டாம். அவர் சொல்லத் துணிகிற நாளில், அவர் விரும்பினால் மட்டும், கூடப் போங்கள்.

யோர்தான் கரை:

அவர் விரும்பினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.